கோணல் முத்து

“முதல்லயே சொல்லிடுறேன். மெஷின்ல செஞ்சது எதுவும் என் பொண்ணு தலையில படக்கூடாது!”

கல்யாணப் பெண்ணின் அம்மா உட்காரும்போதே இப்படித்தான் ஆரம்பித்தார். மணப்பெண்கள் தலையில் வைக்கும் கிரீடங்களைச் செய்து விற்கும் டிசைனர் நிமிர்ந்து பார்த்தாள். இந்தம்மாவை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று குழப்பம்.

“எல்லாமே கைவேலைதாங்க. ஒரு கிரீடத்துக்குப் பத்து நாள் ஆகும்” என்றாள்.

“எங்கிட்ட அளக்காதேம்மா. இருபது வருஷமா இதே அயிட்டம் போடுற ஃபேக்டரி நடத்துறேன். நிமிஷத்துக்கு நாப்பது விழுது. கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலே எது மெஷின், எது கைன்னு சொல்லிடுவேன்.”

போச்சுடா! பெண்ணுக்கு ஒன்று, தோழிகளுக்கு எட்டு. இந்த ஆர்டர் கை நழுவினால் கடையைப் பூட்டிவிட்டு அண்ணி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

“அம்மா, மானத்தை வாங்காதே. நம்ம ஃபேக்டரியில இருந்தே ஒண்ணு எடுத்துக் குடுத்திருக்கலாம்ல?” என்று முணுமுணுத்தாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்.

“சீ! அதை எவளாவது தலையில வைப்பாளா? அதெல்லாம் விக்கிறதுக்குடி!”

கண்ணாடி அலமாரியில் இருந்த முத்துக் கிரீடத்தை அந்த அம்மாள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி, ஒவ்வொரு முத்தாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“பார்த்தியாடி! இந்த ஒரு முத்து மட்டும் கோணலா இருக்கு. இதுதான் கைவேலை! நம்ம மெஷின் தலைகீழா நின்னாலும் இப்படி வராது. ஒன்பதும் இதே மாதிரி இருக்கட்டும்மா.”

“கண்டிப்பாங்க.”

“உள்ளே என்ன டக்டக்னு சத்தம்?”

“என் வீட்டுக்காரருங்க. வேலையில இருக்கார்.”

“அடடா, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருமே உழைக்கிறீங்க! நல்லா இருங்க.” அந்த அம்மாளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அவர்கள் படியிறங்கியதும் டிசைனர் உள்ளறைக்கு ஓடினாள். கணவன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, அதிலிருந்த கிரீடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே ஒரு முத்தை மட்டும் குறடால் திருகிக்கொண்டிருந்தான்.

“யாரு வந்துட்டுப் போறது?” என்றான்.

அவள் அந்த அட்டைப்பெட்டியையே உற்றுப் பார்த்தாள்.

“பெட்டி மேல முதலாளியம்மான்னு போட்டோவுல சிரிச்சுக்கிட்டு இருக்காங்களே... அவங்கதாங்க!”