பலகைச் சுவர்

பாலிக் புலாவ் டுரியான் பழத் தோட்டத்தில் குரங்குகளின் அட்டகாசம் தாங்கவில்லை. துப்பாக்கி வாங்கியே தீருவதென்று பக்கிரிசாமி முடிவு செய்தான். ஆனால் விவரம் தெரியாமல் ஏமாறக் கூடாதே! பக்கத்து வீட்டு ஹனீபா பல வருஷமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர். அவரிடமே விசாரித்தான்.

"பழசு வாங்கலாமாண்ணே?"

"வாங்கலாம். குழாயை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாரு. உள்ளே துரு இருந்தா வேணாம். நான் சொன்னேன்னு சொல்லிடாதே, கடைக்காரன் என்னையே சுட்டுருவான் லா!"

இருவரும் சிரித்தார்கள்.

"லைசென்சுக்குப் போலீசு வந்து விசாரிப்பாங்களாம். என்னை நம்பித் துப்பாக்கி குடுக்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்ணே."

ஹனீபாவின் சிரிப்பு நின்றது. "அது மட்டும் முடியாது, தம்பி."

"ஏண்ணே, நான் என்ன திருடனா?"

"நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வெறும் பலகைதான். நீ அடிக்கிறதும் உன் பொண்டாட்டி தனலெட்சுமி அழுவுறதும் எனக்குக் கேக்குது."

பக்கிரிசாமி தலை நிமிராமல் வீடு திரும்பினான். வாசலில் மனைவி காத்திருந்தாள்.

"துப்பாக்கி வாங்கப் போறீங்களா?" ஓர் அடி பின்வாங்கியபடி கேட்டாள்.

"இல்லே."

"அப்பாடா!" என்று மூச்சு விட்டாள் தனலெட்சுமி.

ஹனீபா சொன்னதைவிட அந்த ஒரு மூச்சுதான் அவனைக் கூனிக் குறுக வைத்தது.