சிவப்புப் பெட்டி

"மறுபடியும் சிவப்புதாம்மா. நெல்லு ஈரம். காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்றான் பிரபு.

குடவாசல் பக்கத்து ரைஸ் மில்லில் அவன் எழுதிய பைத்தான் புரோகிராமுக்கு அன்றுதான் அரங்கேற்றம். ஈரம் அளக்கும் மீட்டரில் ஒரு பிடி நெல்லைப் போட்டால், காய்ந்ததற்குத் திரையில் பெட்டி பச்சையாகும், ஈரத்துக்குச் சிவப்பாகும்.

"ரெண்டு வாட்டி களத்துல கொட்டிக் காயவச்சாச்சு தம்பி. கடிச்சா நறுக்குன்னு உடையுது" என்றாள் காத்தாயி.

"பல்லு பொய் சொல்லும். கம்ப்யூட்டர் சொல்லாதும்மா."

மில்காரர் ரசித்துச் சிரித்தார். காத்தாயி முகம் சுண்டிப்போய், மூட்டைகளைத் திரும்பவும் வெயிலுக்கு இழுத்தாள்.

அடுத்து வந்த நாலு பேருக்கும் சிவப்பே வந்தபோதுதான் பிரபுவுக்கு உறுத்தியது. புரோகிராமைத் திறந்தான். நிறம் எடுப்பாகத் தெரிகிறதா என்று பார்க்க, பெட்டியின் பின்னணி சிவப்பு என்று முந்தின நாள் அவனே புரோகிராமின் கடைசியில் சேர்த்த வரி அழிக்கப்படாமல் கிடந்தது. மீட்டர் என்ன சொன்னாலும் பெட்டி சிவப்புதான்.

சத்தமில்லாமல் அந்த வரியை அழித்தான்.

மூன்றாம் முறையாக, வியர்வை சொட்டச் சொட்ட வந்தாள் காத்தாயி. பச்சை!

"நீங்க சொன்னதுதான் சரி தம்பி. என் பல்லுக்குத்தான் பதம் தெரியல. எதுத்துப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

மில்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லம்மா" என்றான் பிரபு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.