கோடிங் போய்ச் சேர்ந்த இடம்

“த்தூ! சோறு போடற எடத்துக்கே ரெண்டகம் பண்றயே, வெக்கமா இல்ல?”

முதலாளி ஜெகதீஸ்வரன் போட்ட சத்தத்தில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த அந்த மாடி ஆபீஸே வேலையை நிறுத்திவிட்டது. பிரவீனா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கு சாப்ட்வேர் செய்யும் கம்பெனி அது. எழுதிய கோடிங்கை எல்லோரும் சாயந்திரமானால் இன்டர்நெட்டில் இருக்கும் கம்பெனி ரெப்போவுக்கு அனுப்பிவிட வேண்டும். ரெப்போ என்றால் ஒரு குடோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த குடோனுக்குப் போக வேண்டும் என்கிற விலாசம் கோடிங் இருக்கும் ஃபோல்டரிலேயே பதிந்திருக்கும். அனுப்பச் சொன்னால் நேராக அங்கே போய் இறங்கிவிடும்.

பிரவீனா அனுப்பியது மட்டும் வந்து சேரவே இல்லை. என்னவென்று அவள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்த சீனியர் கலைமணிக்கு முகம் கறுத்துப்போனது. அதில் இருந்தது இவர்கள் கம்பெனியின் விலாசமே இல்லை. போட்டிக் கம்பெனிக்காரர் ஜீவானந்தத்தின் ரெப்போ விலாசம்!

“நான் எதையும் மாத்தலைங்க சார். நீங்க குடுத்ததை வெச்சுத்தானுங்க வேல பாத்தேன்.”

“ஆமா, குடுத்தேன்! நெட்டு படுத்துக் கெடக்குதேன்னு என்ற லேப்டாப்புல இருந்து பென்டிரைவ்ல ஃபோல்டரோட மொத்தமா காப்பி பண்ணிக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லோணும். ஒவ்வொரு வரியும் நான் கண்ணு முழிச்சு எழுதுனது. அத அவனுக்குத் தூக்கிக் குடுக்கறயா?”

ஜீவானந்தத்திடம் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, சொந்த மூளையை நம்பித் தனியாக வந்து ஜெயித்தவர் என்று ஜெகதீஸ்வரனுக்கு ஊருக்குள் பேர். அவர் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவளை எழுந்து நிற்கச் சொன்னார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை டெட்டால் போட்டுத் துடைக்கச் சொன்னார். காலையில் அவளோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட கலைமணியும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

“இனி சேலத்துல ஒரு கம்பெனி உன்னைய உள்ள உடாது. ஒவ்வொருத்தனுக்கா போன் பண்ணிச் சொல்லப்போறேன்.”

“அப்படிச் செஞ்சுடாதீங்க சார். ஊட்டுல என்ற சம்பளத்த உட்டா வேற வழி இல்லீங்க.” பிரவீனா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அசிங்கத்தை மிதித்தவர் மாதிரி காலை இழுத்துக்கொண்டார்.

முதல் போனே ஜீவானந்தத்துக்குத்தான் போட்டார். நாலு பேர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார்.

“ஏனுங்க, எங்க சரக்கு வந்து எறங்குச்சுங்களா? உங்க ஆளு பிரவீனா வசமா மாட்டிக்கிட்டா!”

“பிரவீனாவா? அது யாருன்னே எனக்குத் தெரியாதே.” ஜீவானந்தத்தின் குரலில் பதற்றமே இல்லை. “நேத்து எங்க ரெப்போவுல என்னமோ புதுசா வந்து உழுந்துச்சு. அனுப்புனது யாருன்னு பாத்தா உன்ற பேரு. நீ எங்ககிட்ட வேல பாத்தப்ப அட்ரஸோட சேத்துப் போட்டு வெச்ச பாஸ்வேர்டு இன்னும் வேல செய்யுதாட்ட இருக்குது.”

ஜெகதீஸ்வரன் அவசர அவசரமாக ஸ்பீக்கரை அணைக்கப் போனார். வேர்த்த விரல் சரியாகப் படவில்லை. மொத்த ஆபீஸும் கேட்டுக்கொண்டிருந்தது.

“எங்க சாப்ட்வேரத் திருடுனதுதான் திருடுனே சாமி, அட்ரஸையாச்சும் மாத்தியிருக்கக் கூடாதா?”