நாகஜோதி நின்ற இடங்கள்

"ஏட்டி நாகஜோதி, மலையேற வந்தியா, மறுவீட்டுக்கு வந்தியா?"

மேஸ்திரி சங்கையா போட்ட சத்தத்தில் செண்பகத்தோப்புக் காட்டில் இரண்டு பறவைகள் இடம் மாறி உட்கார்ந்தன.

நாகஜோதி பாறையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். "முள்ளு ஏறிருச்சு அண்ணாச்சி. செத்த நேரம்."

"இப்பத்தான தண்ணி குடிக்க நின்ன? அதுக்கு முன்னாடி அணில் கூடு பாக்க நின்ன!"

கூட வந்த மில் ஆட்கள் சிரித்தார்கள். சங்கையாவும் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கையை எடுத்தால் ஆள் சாய்ந்துவிடுவார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ராஜபாளையத்து நூல் மில்லில் வார லீவு வந்தால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு மலைக்கு நடப்பது அவர் ஏற்பாடு. மேலே இருக்கிற ஓடையை முதலில் தொடுவதும் அவர்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. "நடங்க, மூச்சு வாங்கினா உடனே நின்னுரணும்" என்றார் டாக்டர்.

மேஸ்திரி நிற்பதாவது! மில்லில் மஞ்சள் காமாலை என்றுதான் சொல்லியிருந்தார். உண்மை தெரிந்தால் மேஸ்திரி வேலையைப் பிடுங்கி, கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள்.

அதனால் நாகஜோதி நின்றபோதெல்லாம் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளுக்குள் அவளைக் கும்பிட்டார், வாயால் ஏசினார். மனுசப் புத்தி, வேறென்ன?

அடுத்த ஏற்றத்தில் அவளுக்குக் கால் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்ததில் தலை சுற்றியது. ஒவ்வொன்றுக்கும் சங்கையா ஒரு ஏச்சு வைத்திருந்தார்.

ஒருவழியாக ஓடை வந்தது. வழக்கம்போல அவர்தான் முதலில் தண்ணீரில் கால் வைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் குஷியில் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"நாகஜோதி, அடுத்த தடவை நீ வீட்டுலயே இரு. உன்னால அம்புட்டுப் பேருக்கும் தாமசம்."

"சரி அண்ணாச்சி" என்றவள், துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அழுகிறாள்!

சங்கையாவுக்கு நெஞ்சு வலித்தது. இது ஸ்டென்ட் வலி இல்லை. மேஸ்திரி வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"ஏலே, எல்லாரும் கேளுங்க. அவளால தாமசம் இல்ல. எனக்கு வந்தது காமாலையும் இல்ல. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. அவ நின்னு நின்னு வந்ததாலதான் நான் உசிரோட வந்து சேந்தேன். மேனேஜர்கிட்டச் சொல்லணும்னா சொல்லிக்கிடுங்க."

யாரும் ஆச்சரியப்படவில்லை. கூட்டத்தில் இளையவனான யாசின் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"உங்க வீட்டுல இருந்து மதினி நேத்தே போன் போட்டு எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டாக அண்ணாச்சி. நீங்களா நிக்க மாட்டீக. அதான், நடக்க மாட்டாத ஆளா யாரு நடிக்கதுன்னு கேன்டீன்ல சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அக்கா பேரு விழுந்துச்சு. மேனேஜர் காதுக்கு எதுவும் போகாது."

துப்பட்டாவை எடுத்தாள் நாகஜோதி. அடக்கி வைத்திருந்த சிரிப்பில் கண்ணெல்லாம் தண்ணீர்.

"எறங்கையில யாசின் முறை அண்ணாச்சி. என்னைய ஏசுனதுல பாதியாவது அவனையும் ஏசணும், ஆமா!"