வேற கை படாத கத்தி

ஓர் ஆண்மகனின் சுயமரியாதை அவனுடைய சவரக்கத்தியில் இருக்கிறது என்று ஓய்வுபெற்ற அதிகாரி அறிவித்தார். அறிவிக்கும்போது அவருடைய பனியன் முன்பின் மாறியிருந்தது.

சலூன்காரர் தலையை மட்டும் ஆட்டினார். பழைய ஜப்பான் சவரக்கத்தி விற்பனைக்கு என்ற விளம்பரங்களைப் பார்த்து, காலையிலிருந்து அவர் படியேறிய மூன்றாவது வீடு இது. முதல் வீட்டில் ஜப்பான் கத்தி என்று காட்டியது பழம் நறுக்கும் கத்தி. இரண்டாவது வீட்டில் கத்தி அசல்தான், ஆனால் வலது கைக்கானது.

அதுதான் அவருடைய தலைவலி. ஜப்பான் கத்திக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. ஒரு பக்கம் முகத்தோடு படியும், மறுபக்கம் வெளியே பார்க்கும். அகப்படுவதெல்லாம் வலது கைக்காரர்களுக்கு. இவரோ இடது கை.

பழகிய கத்தி போன மாதம் விழுந்து உடைந்ததிலிருந்து, அடுத்தவர் செருப்பில் நடப்பதுபோல் தொழில் நொண்டிக்கொண்டிருந்தது. கன்னத்தைத் தடவிக்கொண்டே போன இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பி வரவே இல்லை.

இந்த வீட்டு விளம்பரத்திலிருந்த எண்ணில் பேசியது அதிகாரியின் மனைவி. “இன்னைக்கே வந்து எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி” என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

அதிகாரி பெட்டியைத் திறந்தார். “முப்பது வருஷம் தம்பி. தினம் காலைல, கண்ணாடி முன்னாடி. இந்தக் கையத் தவிர வேற கை பட்டதில்ல.” பதவிப் பிரமாணம் எடுப்பவரைப்போல் வலது கையை உயர்த்திக் காட்டினார்.

சலூன்காரர் கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். விளிம்பில் எங்கும் மினுக்கவில்லை, மழுங்கல் இல்லை. மேசைக் கண்ணாடிமேல் படுக்கவைத்தார், முறுக்கல் இல்லை. நகத்தின்மேல் மெல்ல இழுத்தார், பல் தட்டவில்லை. முன்கை முடி ஒன்று சத்தமில்லாமல் விழுந்தது. அதிகாரியின் சொற்பொழிவு மட்டும் விழாமல் ஓடிக்கொண்டிருந்தது: எஃகு, பொறுமை, இந்தக் காலத்துப் பையன்களின் தாடி.

கடைசியாகப் பிடியை இடது கையில் எடுத்தார். பிரம்பு சுற்றிய பிடியில் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் ஒன்று இருந்தது. சொந்த வீட்டுக்குள் போவதுபோல் அவர் விரல் அதில் போய் உட்கார்ந்தது. தீட்டியிருந்ததும் இடது கைக்குத்தான்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அவருக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. இந்தக் கத்தியை அதிகாரி வலது கையில் முப்பது வருஷம் பிடித்திருந்தால் கன்னம் காய் நறுக்கும் பலகை ஆகியிருக்கும். எதிரே இருந்த கன்னமோ ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது.

“இத நீங்கதான் பிடிச்சீங்களா சார்?”

“பின்ன, பக்கத்து வீட்டுக்காரனா?”

சலூன்காரர் கத்தியைப் பெட்டியில் வைத்தார். முன்பு ஒரு தடவை தெரியாமல் திருட்டுச் சாமானை வாங்கிவிட்டு, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு தடவை உட்கார இடுப்பில் தெம்பில்லை. “மன்னிச்சிடுங்க சார். இது வேற யாரோ வச்சிருந்த கத்தி” என்று பையைத் தூக்கினார்.

அதிகாரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டிய இடம் அது. அவர் ஜன்னலைப் பார்த்தார்.

சமையலறையிலிருந்து வந்த மனைவி ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, பெட்டியிலிருந்து கத்தியை எடுத்தார். இடது கையால். கட்டைவிரல் பார்க்காமலே பள்ளத்தில் பொருந்தியது.

அதைக் கண்டதும் அதிகாரியின் முகவாய் தானாக மேலே தூக்கிக்கொண்டது.

“இறக்குங்க, இன்னைக்கு வழிச்சாச்சு” என்றார் மனைவி, அலுப்போடு. கத்தியை சலூன்காரரிடம் நீட்டினார்.

“கடைய எத்தனை மணிக்குத் திறப்பீங்க தம்பி? இவருக்குத் தானா வழிச்சுக்க வராது.”