இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் ஒரே புள்ளியில்

மொத்தத் தேயிலைத் தோட்டமும் ஒரே சிவப்புப் புள்ளியில் நின்றது.

நடாஷா மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். வரைபடத்தில் மடுல்கெல்ல மலை. புள்ளியைத் தொட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் பெயர்களும் மொத்தமாக வந்து விழுந்தன.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பதினேழு வருஷமாக இந்தத் தோட்டத்து ஆபீஸில் நான்தான் கிளாக்கர். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களுக்கு வரும் கடிதமெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். நான் படும் பாட்டை அவள் ஆப் செய்யச் சொன்ன இந்த ஏஐ ஒரே நிமிஷத்தில் படம் போட்டுக் காட்டிவிட்டது.

“சிரிக்காதீங்க ஐயா. முகவரியப் பாத்து, கடிதம் வந்த ஆளுக்குச் சொல்ற மாதிரி ஒரு ஆப் வேணும்னு கேட்டேன். நம்ம எல்லாருக்கும் ஒரே முகவரிதான்னு சொல்ல மறந்துட்டேன்.”

மறக்காமல் என்ன செய்யும்? லயத்தில் பிறந்த பிள்ளைக்கு முகவரி என்றால் தோட்டத்தின் பெயர்தான். கதவுக்குக் கதவு இலக்கம் இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

அவளுடைய தங்கச்சி பியட்றிஸ் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நேர்முகக் கடிதம் இந்த மாதம் வர வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடாஷாவும் விண்ணப்பித்தாள். கடிதம் அவள் கைக்கு வந்து சேரவில்லை. இப்போது கண்டியில் துணிக்கடையில் நிற்கிறாள். தங்கச்சிக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று, பௌர்ணமிப் போயா லீவிலும் ஆபீஸைத் திறக்க வைத்து என் உயிரை எடுக்கிறாள்.

இலவசம் என்பதால் ஏஐயிடம் இன்றைக்கு இன்னும் ஒரு தடவைதான் கேட்கலாமாம். பழையதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

“கடிதம் யாருதுன்னு நீங்க எப்பிடி ஐயா கண்டுபிடிப்பீங்க?”

பெயரைப் பார்த்தா? நல்ல கதை. காளிமுத்து மட்டும் ஒன்பது பேர். மேரி மெக்டலின் என்று ஒரு கடிதம் வந்தது; லயத்தில் அப்படி ஒருத்தியே இல்லை என்றார்கள். அவள் எல்லாருக்கும் பேபி.

நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.

முகவரி கேட்காதே. எந்த லயம், எத்தனையாவது காம்பரா, வீட்டில் கூப்பிடும் பெயர் என்ன என்று கேள். கடிதத்தைப் படம் பிடிப்பவர் கிளாக்கர். அவருக்குப் பொறுமை கிடையாது, இரண்டு பொத்தானுக்கு மேல் வைக்காதே.

அடிப்பாவி!

“யாரும் வந்து எடுக்கலேன்னா, எத்தன நாள்ல திரும்பச் சொல்லணும்?”

என் கண் மேசைக்குக் கீழே போனது.

“தினமும் சொல்லட்டும். கிளாக்கர் மறந்தாலும் அது மறக்கக் கூடாதுன்னு போடு புள்ள.”

அப்படியே போட்டாள்.

சில நிமிஷத்தில் திரையில் இரண்டே பொத்தான் வந்தது. பரீட்சித்துப் பார்க்கத் தன் வீட்டை முதலில் பதிந்தாள். ஏதாவது ஒரு கடிதத்தைப் படம் பிடிக்கச் சொன்னாள். போயாவுக்கு ஏது தபால்?

மேசையின் கீழ் லாச்சியை இழுத்துத் திறந்தேன். பழைய பதிவேடுகளுக்கு அடியில் கையை விட்டு ஒரு பழுப்பு உறையை எடுத்தேன். படம் பிடித்தேன். பெயரைத் தொட்டேன்.

அவளுடைய போன் மணியடித்தது. நடாஷா, நாலாம் லயம், மூன்றாவது காம்பரா, உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது.

கைதட்டிச் சிரித்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தபால் முத்திரையில் ஆறு வருஷத்துக்கு முந்திய திகதி.

லாச்சியில் வைத்துவிட்டு லீவில் போனவன் நான். திரும்பி வந்தபோது நேர்முகம் முடிந்து மூன்று நாள் என்று கேள்விப்பட்டேன். கொடுக்க வெட்கம். பிறகு பயம். அவள் துணிக்கடைக்குப் போன பிறகு, அந்த லாச்சியைத் திறக்கவே கை கூசியது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. வாய்விட்டு ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உறையை வாங்கினாள். பிரிக்கவில்லை. இன்றைய தடவை முடிந்துவிட்டதால், நாளைக்கு ஏஐயிடம் கேட்க வேண்டியதை அதன் முதுகிலேயே எழுதினாள்: திகதி முடிந்த கடிதமானாலும் கொடுத்துவிட வேண்டும்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

“இந்த மாசம் எங்க வீட்டுக்கு ரெண்டு கடிதம் வரணும் ஐயா. தாதிப் பயிற்சிக்கு எனக்கு வயசு இன்னும் முடியல. நானும் திரும்பப் போட்டிருக்கேன்.”