கணவாயில் ஒரு மஞ்சள் கார்

“கோடை டயரோட பனிமலை ஏறுற பெருமக்களுக்கு என் மனமார்ந்த நன்றி! நீங்க மட்டும் இல்லைன்னா, கிரேன் வெச்சிருக்கறவன் பொண்டாட்டி புள்ளைங்க எப்படிங்க சாப்பிடும்?”

லாரியின் ரேடியோவில் வெலிச்கோ வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். தினமும் காலை எட்டிலிருந்து பத்து வரை சாலை நிலவரம் சொல்லும் அந்தக் குரலுக்குப் பல்கேரியா முழுக்க ரசிகர்கள். அவர்களில் முதல் ரசிகை ரைனா, லாரியின் முன்சீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லாரியை ஓட்டிவந்த அவள் கணவன் ஸ்தாமென் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பார்த்தான். பெத்ரொஹான் கணவாயின் கடைசி வளைவில் ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அதற்கும் லாரிக்கும் நடுவில் நாலு வண்டிகள். பின்னால் எத்தனை என்று எண்ண முடியவில்லை. முக்கால் மணி நேரமாக எல்லோரும் ஹாரன் அடித்தார்களே தவிர, ஒருத்தரும் கீழே இறங்கவில்லை. கதகதப்பான வண்டிக்குள் உட்கார்ந்து கோபப்படுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

ஸ்தாமெனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. லாரித் தொட்டியில் ஐந்நூறு உயிர்க் கெண்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. மறுநாள் புனித நிக்கோலாஸ் திருநாள். சோஃபியாவில் கெண்டை வேகாத அடுப்பே இருக்காது. ஆனால் வாங்கும்போது மீன் துள்ள வேண்டும். தொட்டிக்குக் காற்று கொடுக்கும் சிலிண்டர் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது.

“ஏழு டிகிரிக்குக் கீழ போச்சுன்னா கோடை டயர் ரப்பர் இல்லீங்க, கருங்கல்லு!” என்றது ரேடியோ. “இங்க ஸ்டூடியோ ஜன்னல் வழியா வெளிய பார்த்தாலே எனக்கு உடம்பு நடுங்குது.”

“இருங்க, அவருக்கே போன் போடுறேன்,” என்றாள் ரைனா.

“போட்டா? அவரு வந்து தள்ளி விடுவாராக்கும்?”

“சும்மா இருங்க. போன வருஷம் அவர் சொல்லி நான் நச்சரிச்சுத்தானே பனி டயர் மாட்டினீங்க? இல்லைன்னா இன்னிக்கு அந்த மஞ்சள் காருக்குத் துணையா நாமளும் படுத்திருப்போம்.”

அது உண்மைதான். ஸ்தாமெனுக்கு வெலிச்கோவைக் கண்டால் ஆகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பத்தாவது முயற்சியில் ரைனாவுக்கு இணைப்புக் கிடைத்தது.

“அக்கா, முதல்ல உங்க ரேடியோ சத்தத்தைக் குறைங்க. ம், இப்ப சொல்லுங்க. எங்கிருந்து பேசுறீங்க?”

“பெத்ரொஹான்ல மாட்டிக்கிட்டோம் வெலிச்கோ சார்! ஒரு மஞ்சள் கார் வழுக்கி, ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. கோடை டயர்தான், சந்தேகமே இல்ல. பனி டயர் மாட்டினவன் இப்படியா கரகாட்டம் ஆடுவான்?”

“பாவம் அக்கா. அவனுக்கும் வேலைக்கு நேரமாகியிருக்கும்.”

ரைனா போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள். “பார்த்தீங்களா, எவ்ளோ பெரிய மனசு! நீங்களா இருந்தா இந்நேரம் அவன் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் இழுத்திருப்பீங்க.” பிறகு போனில், “என்ன சார், இன்னிக்கு இப்படிக் கனிஞ்சு போறீங்க? நேத்து கோடை டயர்க்காரனைக் கழுதைன்னு சொன்னீங்களே!”

“கழுதைதான்!” குரலில் பழைய வேகம் வந்துவிட்டது. “இல்ல, கழுதைன்னு சொல்றதும் தப்பு. கழுதைக்கு நாலு காலும் தரையில நிக்கும்.”

ரைனா விழுந்து விழுந்து சிரித்தாள். “வண்டி நம்பரைப் படிக்கட்டுமா சார்? ஊரே காறித் துப்பட்டும்.”

“வேணாம், வேணாம்! அதெல்லாம் ரேடியோவுல சொல்லக்கூடாதுக்கா, சட்டச் சிக்கல். அடுத்த நேயர் யாருங்க?”

இணைப்புத் துண்டிக்கப்பட்டது. ரைனா போனைப் பார்த்தபடி, “சட்டமெல்லாம் விரல் நுனியில வெச்சிருக்காரு,” என்று உருகினாள்.

ஸ்தாமெனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மண்வாரியை எடுத்துக்கொண்டு கீழே குதித்தான். தொட்டி மூடியைத் திறந்து பார்த்தான். கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்று போதவில்லை.

வழியில் இரண்டு கார்களின் கண்ணாடியைத் தட்டி, “ஹாரனை விட்டுட்டு கையைக் குடுங்கய்யா!” என்று அதட்டி, காருக்கு ஒருவராக இரண்டு பேரை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனான். பனி முட்டிவரை ஏறியது. மஞ்சள் காரின் டயர்கள் அகலமாக, பளபளவென்று, கடற்கரைக்குக் கிளம்பினவை போல இருந்தன. கண்ணாடி முழுக்க உள்ளே மூச்சுக்காற்றுப் படிந்து வெளுத்திருந்தது. அந்தக் காரோட்டியின் பாட்டனிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்துகொண்டு, ஸ்தாமென் மண்வாரிக் காம்பால் கண்ணாடியில் ஓங்கித் தட்டினான்.

கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறங்கியது. உள்ளே மூக்குச் சிவந்த ஒரு வழுக்கைத் தலையர், காதில் போனை வைத்தபடி, ‘பேசாதே’ என்று உதட்டில் விரல் வைத்தார்.

“நேயர்களே, இப்போ ஒரு இனிமையான பாட்டு கேட்கலாம்,” என்றார் போனில். மூன்று வருடமாக ஸ்தாமெனின் சமையலறையிலும் லாரியிலும் அவனைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்த அதே குரல்.

பிறகு போனைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு, “அண்ணே, ஸ்டூடியோவுக்குத்தான் கிளம்பினேன். பாட்டு மூணு நிமிஷம்தான் ஓடும், அதுக்குள்ள தள்ளிடுவீங்களா?” என்றார்.